ஜன்னலைத் திறந்துவைத்துச் சமைக்க

எங்கள் வீடு தக்கலைக்குப் பக்கத்தில். சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஜூன் பிறந்துவிட்டால் அந்த ஜன்னல் வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்தே வரும். திறந்தால் சிம்மில் எரியும் கேஸ் அடுப்பு அணைந்துவிடும். மூடினால் உள்ளே புழுங்கும், கண் எரியும், பையன் இருமத் தொடங்குவான். அதனால் மழைக்காலம் முழுக்க மூடியே வைத்திருப்போம். அதில் ஒரு கேடு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. கேஸிலிருந்து, கரண்டில் ஓடும் இண்டக்‌ஷன் அடுப்புக்கு நாங்கள் மாறிய கதை இங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆனி மாதக் காலை. மணி ஐந்தரை இருக்கும். கேஸ் வாடை அடித்துத்தான் எனக்கு விழிப்பே வந்தது. எழுந்து நடந்தபோது சமையலறை வாசலில் கை தன்பாட்டுக்கு லைட் சுவிட்சுக்குப் போனது. போட்டுவிடவில்லை. எப்படி நிறுத்தினேன் என்று கேட்டால் பதில் இல்லை. இருட்டிலேயே அடுப்புத் திருகைத் தடவி மூடி, ரெகுலேட்டரையும் அணைத்து, பின்கதவைத் திறந்தேன். அம்மா சாமி அறையில் இருந்தார். விளக்கு முன்னால் உட்கார்ந்து தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாரலில் பெட்டி நமத்துப்போயிருந்தது. உரசியும் பற்றாத இரண்டு குச்சிகள் தரையில் கிடந்தன. மூன்றாவது குச்சி கையில் இருந்தது.

“பாலு வச்சிருந்தேன் மக்ளே, பொங்கிட்டா?” என்றார்.

பால் பொங்கி வழிந்து பர்னரை அணைத்திருக்கிறது. திருகு திறந்தேதான் இருந்தது. நம் வீடுகளில் இருக்கும் கேஸ் அடுப்பில் பெரும்பாலும் தீ அணைந்தால் தானாக கேஸை நிறுத்தும் அமைப்பு கிடையாது. எத்தனை நிமிஷம் கசிந்ததோ தெரியாது. அம்மா அந்த வாடைக்கு நடுவிலேதான் நடமாடியிருக்கிறார். 2021-ல் கொரோனா வந்துபோன பிறகு அவருக்கு மணம் சரியாகத் தெரிவதில்லை. கருவாடு வறுத்தால்கூட “எப்போ வறுத்தே?” என்று கேட்பார். நாங்கள் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் உறைத்தது. சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி என்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதற்கென்று சொல்லும்படியான வாடை இல்லை. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாறும் பொருளைச் சேர்க்கிறார்கள். அந்தப் பாதுகாப்பு முழுக்க வீட்டில் இருப்பவரின் மூக்கை நம்பியது. வயதாகும்போது மூக்கின் கூர்மை குறைவது சகஜம். பகலெல்லாம் எங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கும் ஒரே ஆள் அம்மா. வயது 74.

கேஸ் கசிந்தால் செய்ய வேண்டியது பலருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் கை கேட்காது, அதனால் சொல்லிவைக்கிறேன். லைட், பேன், எக்ஸாஸ்ட் எதையும் போடக் கூடாது. எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. சுவிட்ச் எந்தப் பக்கம் போனாலும் பொறி வரும். பிரிட்ஜ் தானாக ஓடி நிற்கும்போதும் அப்படித்தான். எங்கள் பிரிட்ஜ் சமையலறைக்குள்ளேதான் இருந்தது, அதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்கும். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். தரையோடு தவழ்ந்து போகும், பள்ளத்தில் தேங்கும். ஆகவே ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, தரைமட்டத்தில் இருக்கும் கதவைத் திறக்க வேண்டும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளும். வாடை பலமாக இருந்தால் என்னைப்போல உள்ளே போகாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டிவந்து, தள்ளி நின்று 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிவுக்கான அந்த எண் இரவு பகல் எந்நேரமும் வேலை செய்யும். போனை வீட்டுக்குள் நின்று எடுக்கக் கூடாது.

மறுநாள் ஏஜென்சியிலிருந்து ஆள் வந்து பார்த்தார். கசிவு எதுவும் இல்லை, அடுப்பு நன்றாக இருக்கிறது என்றார். டியூபை மட்டும் திருப்பிப் பார்த்து, “இதை எப்போ மாத்தினீங்க?” என்றார். டியூபிலேயே வருஷம் அச்சடித்திருந்தது. ஐந்து வருஷத்தில் மாற்ற வேண்டியது, எட்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மாற்றினோம். ஆனால் அன்றைக்கு நடந்ததற்கு டியூப் காரணமில்லை. நல்ல அடுப்பு, நல்ல ரெகுலேட்டர், ஒரு செம்பு பால். அவ்வளவுதான். இதற்கு எந்தப் பழுதுபார்ப்பும் மருந்து இல்லை என்று எனக்குப் பட்டது.

இதற்குள் பையன் கதையும் வந்து சேர்ந்தது. அவனுக்கு அப்போது ஒன்பது வயது. மழைக்காலம் வந்தால் வீசிங் வரும். நாகர்கோவிலில் அவனைப் பார்க்கும் டாக்டர் எப்போதும் தூசி, போர்வை, கொசுவர்த்தி பற்றிக் கேட்பார். அந்த முறை நான் பேச்சுவாக்கில் கேஸ் சம்பவத்தைச் சொன்னதும், “பிள்ளை எங்கே உக்காந்து படிக்கான்?” என்றார். எங்கே, சமையலறை மேசையில்தான். நான் தோசை வார்த்துக்கொண்டே வாய்ப்பாடு கேட்பேன். மூடிய ஜன்னல், இரண்டு பர்னர், ஒன்றரை மணி நேரம்.

கேஸ் தீ நீலமாக எரிந்தால் சுத்தம் என்றுதான் நினைத்திருந்தேன். மஞ்சளாக எரிந்தால் கரியும் கார்பன் மோனாக்சைடும் கூடும் என்பது சரி. ஆனால் நன்றாக எரியும் நீலத் தீயும் ஒன்றைச் செய்கிறது. அந்தச் சூட்டில் காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடு உண்டாகிறது. நுரையீரலை உறுத்தும் வாயு அது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2013-ல் வந்த ஒரு கட்டுரை, கேஸ் அடுப்பில் சமைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா இருக்கும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட 42 சதவீதம் கூடுதல் என்று சொன்னது. 2023-ல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் வீடுகளில் அளந்து பார்த்தபோது, கேஸ் தீயிலிருந்து பென்சீனும் வருவது தெரிந்தது. புற்றுநோய் உண்டாக்கும் பொருள் பென்சீன். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து அளக்கும்படியாகப் பென்சீன் வரவில்லை.

இதைப் படித்துவிட்டு கேஸை விஷம் என்று திட்டினால் அது அநியாயம். அம்மா கொதும்பும் தொண்டும் சிரட்டையும் எரித்து நாற்பது வருஷம் சமைத்தவர். அந்தப் புகையோடு வைத்துப் பார்த்தால் கேஸ் எவ்வளவோ மேல். கேஸ் வந்த அன்று அம்மா அழுதாராம். கேஸை விடவும் ஒரு படி மேலே போகலாம் என்பதுதான் என் கட்சி.

சரி, இண்டக்‌ஷன் வாங்கிவிடுவது என்று முடிவானது. நாகர்கோவிலில் ஒரு கடையில் 2000 வாட் ஒற்றை அடுப்பு எடுத்தோம். அங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். வீட்டுக்கு வந்து, மிக்ஸி போடும் பிளக்கில் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகி, அதில் அடுப்பைச் செருகினேன். நாலாம் நாள் பிளாஸ்டிக் கருகும் வாடை. பிளக்கைப் பிடுங்கினால் ஒரு முள்ளைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் உருகியிருந்தது. கேஸ் பயத்தில் இதை வாங்கி, கரண்டில் வீட்டைக் கொளுத்தப் பார்த்திருக்கிறேன்.

வயரிங் வேலை பார்க்கும் தம்பி வந்து அதைக் கையில் எடுத்துச் சிரித்தான். “அக்கா, இந்த பிளக்குல வச்சா சோறு வேகாது, பிளக்குதான் வேகும்.” கணக்கு எளிதுதான். 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 9 ஆம்பியர். மிக்ஸி போடும் சின்ன பிளக் 6 ஆம்பியருக்கானது. எங்கள் வீட்டு வயரிங் 1998-ல் செய்தது, அந்த லைனிலேயே பிரிட்ஜும் ஓடியது.

அவன் செய்துகொடுத்ததை அப்படியே சொல்கிறேன். போர்டிலிருந்து சமையலறைக்கு அடுப்புக்கென்றே தனி லைன். 4 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர். 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட், அதற்குத் தனி எம்சிபி, அதாவது லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச். வீடு முழுமைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று, கசிவு கரண்ட் வந்தால் சட்டென்று அறுத்துவிடும். எர்த்தைச் சோதித்தபோது எர்த் கம்பி துருப்பிடித்து, தொட்டதும் கையோடு வந்தது. புதிதாக எர்த் போட்டோம். அடுப்பு விலையைவிட இந்த வேலைக்குத்தான் அதிகம் செலவானது. இண்டக்‌ஷன் வாங்க நினைப்பவர்களுக்கு என் சொல் ஒன்றுதான்: முதலில் வயரிங் ஆளைக் கூப்பிடுங்கள், அடுப்புக் கடைக்கு அப்புறம் போகலாம். இரண்டு அடுப்பு சேர்த்துப் போடுவதானால், வீட்டு இணைப்பு அந்த லோடைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது பாத்திரம். பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துக்கொண்டு பையன் ஒவ்வொரு பாத்திரமாக அடியில் வைத்துப் பார்த்தான். ஒட்டினால் ஆகும், விழுந்தால் ஆகாது. இண்டக்‌ஷனில் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சுருள் காந்தப் புலத்தை உண்டாக்கும். அதனால் பாத்திரத்தின் அடியே சூடாகும். இரும்போ, காந்தம் பிடிக்கும் ஸ்டீலோ வேண்டும். புட்டுக்குடம் விழுந்தது. இண்டாலியம் இட்லிச்சட்டி விழுந்தது. வெங்கல உருளி விழுந்தது. மீன்சட்டி மண் என்பதால் கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றும் விழ விழ அம்மாவின் முகம் சுருங்கியது. “அப்போ எனக்க ஆயுசு முழுக்கச் சேத்தது எல்லாம் ஆக்கருக்குத்தானா?” ஆக்கர் என்றால் பழைய சாமான் கடை.

இரும்பு தோசைக்கல் ஒட்டியது. ஆனால் அடி லேசாகக் குழிந்திருந்ததால் அடுப்பு பீப் பீப் என்று கத்தி மறுத்துவிட்டது. தட்டையான அடி வேண்டும். புதுக் கல் வாங்கியபின் இன்னொரு பாடம்: எடுத்த எடுப்பில் 2000-ல் வைத்தால் நடு மட்டும் காய்ந்து தோசை ஒட்டும், விளிம்பு வெள்ளையாகவே நிற்கும். குறைந்த சூட்டில் நாலைந்து நிமிஷம் காயவிட்டு அப்புறம் ஏற்ற வேண்டும். வார்ப்பிரும்புக் கல்லைச் சட்டென்று சூடாக்கினால் விரிசலும் விடலாம்.

சம்பா அரிசிச் சோறுதான் பெரிய சோதனை. எங்கள் பக்கத்துச் சிவப்பு அரிசி வேக நேரம் எடுக்கும், நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடிக்க வேண்டும். அடி கனமான ஸ்டீல் பானை ஒன்று வாங்கினோம். முதல் நாள் கஞ்சி நுரைத்துப் பொங்கி, கண்ணாடி மேல் ஓடி, பொத்தான்கள் இருக்கும் இடத்தை நனைத்தது. அடுப்பு இரண்டு தரம் கத்திவிட்டு நின்றது. நான் துடைக்க ஓடினேன். அம்மா அங்கேயே நின்று பார்த்தார். “தானா நிண்ணுட்டா?” என்றார். நின்றுவிட்டது என்றேன். “அன்னைக்கு இது இருந்திருந்தா…” என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அதன்பிறகு புது அடுப்பைப் பற்றி அவர் குறை சொல்வது கொஞ்சம் குறைந்தது.

குறை சொல்ல நியாயமான காரணங்களும் இருந்தன. தீ கண்ணுக்குத் தெரியாததால் எரிகிறதா இல்லையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. “கத்துதாக்கும்? கத்தல்லியாக்கும்?” என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். கத்துவது என்றால் எங்கள் பக்கம் எரிவது. பொத்தான்களில் ஆங்கில எழுத்து வேறு. கடைசியில் ஸ்டிக்கர் பொட்டு கை கொடுத்தது. ஆன் செய்யும் இடத்தில் சிவப்புப் பொட்டு, சூடு குறைக்க பச்சை, கூட்ட மஞ்சள். டைமரில் பால் காய எட்டு நிமிஷம் வைக்க ஒரு வாரத்தில் பழகிவிட்டார். மறந்து போனாலும் அது நின்றுவிடும். மறதி வரத் தொடங்கிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த ஒன்றுக்காகவே இண்டக்‌ஷன் வாங்கலாம் என்பேன். முந்தானையோ நைட்டியின் கையோ பற்றிக்கொள்ளும் பயமும் இல்லை. ஆனால் பாத்திரத்தை இறக்கிய உடனே கண்ணாடியைத் தொடக் கூடாது. பாத்திரத்தின் சூடு அதில் ஏறியிருக்கும். அம்மா ஒரு தடவை சுட்டுக்கொண்டார்.

சித்தப்பா வரும்போது மட்டும் ஒரு கவனம். அவருக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. அந்தக் கருவி உள்ளவர்கள், எரியும் இண்டக்‌ஷனிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. அவர் சமையலறைப் படியிலேயே நின்று காப்பி வாங்கிக்கொள்வார். அப்படி யாராவது வீட்டில் இருந்தால் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். சமைத்து முடித்ததும் பிளக் சுவிட்சைப் பட்டென்று அணைக்காதீர்கள், உள்ளே இருக்கும் பேன் ஓடி நிற்கட்டும். இடி மின்னல் என்றால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். ஐப்பசியில் எங்கள் ஊர் இடிக்கு எத்தனையோ டிவி போயிருக்கிறது. அடியில் காற்றுப் போகும் ஓட்டை வழியாகச் சிற்றெறும்பு உள்ளே குடியேறும். எங்கள் முதல் அடுப்பு அப்படித்தான் செத்தது. மேசையை வாரம் ஒருமுறை துடைத்து, அடுப்பைத் தூக்கி அடியையும் பார்க்கிறேன்.

கரண்ட் பில் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நாங்கள் நாலு பேர். முன்பு ஒரு சிலிண்டர் 40 நாள் வரும். இப்போது இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் வரை கூடுகிறது. கேஸ் செலவோடு வைத்துப் பார்த்தால் மிச்சம்தான். ஆனால் அந்த மிச்சத்தை முதல் வருஷம் வயரிங்கும் பாத்திரமும் தின்றுவிட்டன. மே மாதம் ஏசியும் ஓடியதில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டோம். அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடுவதால் பில் துள்ளியது. பணம் மிச்சமாகும் என்று மட்டும் நினைத்து மாற வேண்டாம்.

கேஸை அடியோடு விட்டுவிட்டோமா? இல்லை. 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயல் அடித்ததை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மரமும் கம்பமும் விழுந்து, எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர பதினோரு நாள் ஆனது. வெறும் இண்டக்‌ஷனோடு இருந்திருந்தால் பட்டினிதான். அதனால் ஒரு சிலிண்டரும் பழைய அடுப்பும் வீட்டுக்கு வெளியே, மூன்று பக்கம் திறந்த சாய்ப்பில் இருக்கின்றன. ரெகுலேட்டர் எப்போதும் அணைத்தே இருக்கும். ஏழு மாதமாக அதே சிலிண்டர்.

சாய்ப்பில் விறகடுப்பும் உண்டு. மீன்குழம்பு அங்கேதான். சாளையோ நெத்திலியோ வாங்கி, தேங்காய் அரைத்து, மண்சட்டியில் சிரட்டைத் தீயில் வைத்தால்தான் அம்மாவுக்குக் குழம்பு. பையன் அந்தப் பக்கம் வரக் கூடாது என்பது சட்டம். வாழையிலை வாட்டத்தான் திண்டாடினேன். பொதிச்சோறு கட்ட இலையைத் தீயில் காட்டி வாட்டுவது வழக்கம். இப்போது தோசைக்கல்லைச் சூடாக்கி, இலையை அதன்மேல் இழுத்து எடுக்கிறேன். நன்றாகவே வாடுகிறது. அப்பளம் சுடுவது மட்டும் போயேபோய்விட்டது.

பையனுக்கு வீசிங் போய்விட்டதா என்று கேட்பீர்கள். இன்ஹேலர் இன்னும் பையில்தான் இருக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு தடவைதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதற்கு முந்தைய வருஷம் நாலு தடவை. வயதாகிறது, மருந்தும் மாறியது, போர்வையும் மாற்றினோம். அடுப்பு மாறியதால்தான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் எண்ணெய்ப் புகை எந்த அடுப்பிலும் வரும், அதற்கு ஜன்னலும் எக்ஸாஸ்ட் பேனும் வேண்டும்.

அந்த ஜன்னல்தான் இப்போது மழையிலும் திறந்திருக்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் அணைய எதுவும் இல்லை. சாரல் பட்டு அடுப்பு நனைகிறது என்று மேசையை மட்டும் மூன்றடி உள்ளே தள்ளிப் போட்டோம். போன வாரம் அம்மா அந்த ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டுக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். உள்ளே பால் டைமரில் இருந்தது. எட்டு நிமிஷம் முடிந்து பீப் சத்தம் வந்ததும், எழுந்திருக்காமலே என்னைப் பார்த்து, “மக்ளே, உனக்க அடுப்பு விளிக்கி” என்றார்.